எஸ்.யூ.வி.யை எவ்வளவு இறக்கலாம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என்னிடம் இருப்பது கிரெட்டா. கொல்லிமலை வளைவுகளில் வண்டி ரொம்பச் சாய்கிறது. வண்டியின் உயரத்தை 40 மி.மீ. குறைக்கும் லோயரிங் ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடுமா? (சேலம்)

சாய்வு குறையும். ஆனால் வண்டி தாழ்ந்ததால் மட்டும் அது குறைவதில்லை. ஒரு எஸ்.யூ.வி.யின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40 மி.மீ. இறக்கினாலும் அந்த உயரத்தில் குறைவது ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல்தான். வளைவில் நீங்கள் உணரப்போகும் மாற்றத்துக்குப் பெரும்பாலும் காரணம், புது ஸ்பிரிங் பழையதைவிட இறுக்கமாக இருப்பதுதான். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உங்கள் வண்டியின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை, அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாகச் சேர்ந்தது. இந்த வகையில் வண்டியைத் தாழ்த்தும்போது, பாடி எந்தப் புள்ளியை மையமாக வைத்துச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, ஈர்ப்பு மையத்தைவிட வேகமாகக் கீழே போய்விடும். ஸ்பிரிங்கை இறுக்காமல் வெறுமனே தாழ்த்தினால் சாய்வு கூடவும் வாய்ப்பு உண்டு.

எல்லோரும் கிரவுண்ட் கிளியரன்ஸைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதை. கம்பெனி கொடுத்த 190 மி.மீ. கிளியரன்ஸில் 40 போனாலும் 150 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் அதே 40 மி.மீ. ஷாக் அப்சார்பர் அமுங்கும் தூரத்திலிருந்தும் கழிகிறது. ஐந்து பேர், பின்னால் பெட்டிகள், மலை இறக்கத்தில் ஒரு பள்ளம்: சக்கரம் அளவுக்கு மேல் ஏறாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் வண்டி நேராகப் போய் இடிக்கும். வளைவின் நடுவில் அப்படி இடித்தால் அந்தச் சக்கரத்தின் பிடிப்பு சட்டென்று மாறும்.

இதைச் செலவில்லாமல் சோதிக்கலாம். ஷாக்கின் பளபளப்பான தண்டு தெரியும்படி ரப்பர் உறையைத் தூக்கி, தண்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகக் கட்டுங்கள். வழக்கமான சுமையோடு ஒரு வாரம் ஓட்டுங்கள். டை எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது, அதற்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். கம்பெனி ஸ்பிரிங்கிலேயே டை ரப்பரைத் தொட்டுவிட்டது என்றால் 40 மி.மீ. ஸ்பிரிங் கிட்டை மறந்துவிடலாம். நம் சாலைக்கு, குடும்ப வண்டிக்கு, 25 மி.மீ. போதும் என்பது என் கருத்து. அதற்கும் முன்னால், ஷாக் எண்ணெய் கசிந்திருக்கிறதா, சாய்வைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பியின் லிங்க், ரப்பர் புஷ் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 'ரொம்பச் சாய்கிறது' என்று வரும் பல வண்டிகளுக்கு அதுவே மருந்து.

இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்று வெட்டிவிட்டால் என்ன? மெக்கானிக் செய்து தருவதாகச் சொல்கிறார். (திருப்பூர்)

வேண்டாம். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும். பழைய ஷாக் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வெட்டிய முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறிவிடலாம். கேஸ் வைத்துச் சூடாக்கி அமுக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும்.

வெறும் ஸ்பிரிங் போதுமா, காயில்ஓவர் வாங்க வேண்டுமா? (ஓசூர்)

25, 30 மி.மீ.க்குள் என்றால் உங்கள் மாடலுக்கென்றே செய்த ஸ்பிரிங்கும், நல்ல நிலையில் உள்ள ஷாக்கும் போதும். ஷாக் நிறைய ஓடியிருந்தால் அதே ஸ்பிரிங்குக்குப் பொருந்தும் ஷாக்கையும் சேர்த்து வாங்குங்கள், கூலி ஒரே தடவையோடு முடியும். காயில்ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே செட், அதில் உயரத்தைத் திருகி மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் மழையும் சேறும் அந்த மரையில் ஏறினால் சில வருடத்தில் அது நகராது. மாதாமாதம் ரேஸ் டிராக்குக்குப் போகிறவருக்கு அது பயன்படும். ஆபீஸ் போய்வருகிறவருக்குத் தேவையில்லை.

ஃபார்ச்சூனரை இறக்கினால் பின் அச்சு ஒரு பக்கம் நகரும் என்கிறார்களே? (மதுரை)

நகரும். பின் அச்சை நடுவில் நிறுத்தும் குறுக்குக் கம்பி ஒரு முனையில் சேஸியிலும் மறுமுனையில் அச்சிலும் மாட்டியிருக்கிறது. உயரம் மாறினால் கம்பியின் கோணம் மாறி, அச்சு சில மி.மீ. ஒதுங்கும். நீளம் மாற்றக்கூடிய கம்பி போட்டால் சரிசெய்யலாம். ஸ்கார்பியோ-என் வண்டியில் பின்னால், அச்சை எந்த உயரத்திலும் நடுவிலேயே நிறுத்தும் வாட்ஸ் லிங்கேஜ் என்ற இணைப்பு இருப்பதால் இந்தப் பிரச்சினை வராது. ஆனால் ஒன்று: சேஸி மேல் பாடி உட்கார்ந்த வண்டியை இறக்க ஆசைப்படுவது எனக்கு இன்னமும் புரியவில்லை. அந்த உயரத்துக்குத்தானே காசு கொடுத்தீர்கள்?

கிட் வாங்கிவிட்டேன். மாட்டும்போது பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்? (கோவை)

கழற்றும் முன் ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயர் காற்று கூடக் குறைய இருந்தாலும் இந்த அளவு மாறாது. ஸ்ட்ரட்டின் உச்சி நட்டைத் தொடும் முன் ஸ்பிரிங் கம்ப்ரஸரில் அமுங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் பாயும், ஆளையே கொல்லும். ஷாக் தண்டைப் பிளையரால் பிடிக்க விடாதீர்கள், கீறல் விழுந்தால் எண்ணெய் சீல் போய்விடும். பிரேக் ஹோஸும் ஏ.பி.எஸ். ஒயரும் முறுக்கிக்கொள்ளாமல் பழைய கிளிப்பிலேயே உட்காரட்டும்.

பெரும்பாலான ஒர்க்ஷாப்பில் விட்டுவிடும் விஷயம் லோயர் ஆர்ம் புஷ், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் ரப்பர் மூட்டு. வண்டி லிஃப்ட்டில், சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். சில மாதத்தில் கிழிந்து 'கடக் கடக்' என்று சத்தம் வரும், பழி கிட் மேல் விழும். ஆர்மை இணைக்கும் போல்ட்டுகளின் கடைசி இறுக்கம், வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதுதான்.

வீல் அலைன்மென்ட் அன்றே செய்துவிடலாமா? (திருச்சி)

அன்றே ஒரு முறை, ஸ்பிரிங் படிந்தபின் சில நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. டயரைத் தின்பது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) விலகல்தான், அதைச் சரிசெய்யலாம். கேம்பரை (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) மாற்ற நம் ஊரின் பல மாடல்களில் வசதி இல்லை, கேம்பர் போல்ட் போட வேண்டிவரும். ஹெட்லைட் மட்டத்தையும் பாருங்கள். முன்கண்ணாடியில் கேமரா வைத்து ஓட்டுநருக்கு உதவும் அடாஸ் வசதி உள்ள வண்டி என்றால் அதையும் மறுபடி அளவீடு செய்ய வேண்டுமா என்று சர்வீஸ் சென்டரில் முதலிலேயே கேளுங்கள்.

போலீஸ், ஆர்.டி.ஓ. தொல்லை வருமா? (சென்னை)

வரலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் சஸ்பென்ஷன் உயரம் எழுதியில்லையே என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நடுரோட்டில் அந்த வாதம் எடுபடும் என்று நம்பி யாரும் கிட் வாங்க வேண்டாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்பே எழுதித் தெரிவித்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். சொல்லாமல் போட்டால் விபத்து கிளைமை மறுக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். கழற்றிய ஸ்பிரிங்குகளை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள், வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் கேட்பார்.