வீடு மாற்றும்போது பீங்கான் உடைந்தால் நஷ்டம் யார் தலையில்?

கேள்வி: சமீபத்தில் வேறு ஊருக்கு வீடு மாறினோம். சாமான்களை ஒரு பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். சமையலறைப் பொருட்களில் பெரும்பகுதியை அவர்களுடைய ஆட்களே கட்டினார்கள், இரண்டு பெட்டிகளை மட்டும் நானே கட்டினேன். சாமான் இறங்கியதும் ‘அனைத்தும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் பிரித்துப் பார்த்தால் பீங்கான் டின்னர் செட்டில் பாதியும் கண்ணாடிக் கிண்ணங்களும் நொறுங்கியிருந்தன. கேட்டதற்கு, ‘உடையும் பொருட்களுக்கு நாங்கள் பொறுப்பில்லை, ஓனர்ஸ் ரிஸ்க் என்று பில்லின் பின்பக்கமே போட்டிருக்கிறதே’ என்கிறார்கள். இன்ஷூரன்ஸ் என்று தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். நஷ்டஈடு கேட்க முடியுமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால் சட்டத்துக்குள் போகுமுன் ஒரு விஷயம். உடைந்த சில்லுகளையும் அவை வந்த அட்டைப்பெட்டிகளையும் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த மாதிரி வழக்குகளில் பலர் உடைந்த தட்டை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு, பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிடுகிறார்கள். உங்கள் வழக்கைத் தாங்கிப் பிடிக்கப்போவதே அந்தப் பெட்டிதான்.

ஏன் என்று சொல்கிறேன். பெட்டியின் வெளிப்பக்கம் ஒரு கசங்கல்கூட இல்லாமல் இருந்து, உள்ளே மட்டும் எல்லாம் நொறுங்கியிருந்தால், கட்டிய விதமே சரியில்லை என்று அர்த்தம். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்து, நடுவே ஒற்றைச் செய்தித்தாளைச் செருகி, மேலே நாலு விரல் இடைவெளி விட்டு டேப் ஒட்டியிருப்பார்கள். லாரி குலுங்கும்போதெல்லாம் தட்டு தட்டோடு மோதும், அடித்தட்டு மொத்த பாரத்தையும் தாங்கும், உடையாமல் என்ன செய்யும்? தட்டுகளைத் தனித்தனியாகச் சுற்றி, செங்குத்தாக நிறுத்தி, அடியிலும் மேலேயும் கசக்கிய தாளைத் திணித்து, மூடியபின் பெட்டியை லேசாக அசைத்தால் உள்ளே எதுவும் நகராதபடி கட்டுவதுதான் முறை. கிண்ணம், டம்ளர் என்றால் ஒன்றுக்குள் ஒன்று செருகாமல், நடுவே அட்டைத் தடுப்பு வைக்க வேண்டும். மாறாக, பெட்டியின் மூலை நசுங்கி, மேல்மூடி குழிந்து, பக்கவாட்டில் கிழிந்திருந்தால், ஏற்றி இறக்கியபோது போட்டிருக்கிறார்கள் அல்லது அதன்மேல் கனமான எதையோ அடுக்கியிருக்கிறார்கள்.

அவர்கள் கட்டிய பெட்டிகளில் இந்த இரண்டுக்குமே அவர்கள்தான் பொறுப்பு. நீங்கள் கட்டிய இரண்டு பெட்டிகள்தான் சிக்கல். அவற்றில் வெளிப்பக்கம் சேதமில்லாமல் உள்ளே மட்டும் உடைந்திருந்தால், ‘கட்டியது அவர்தான்’ என்று எதிர்த்தரப்பு உடனே சொல்லும், அதை மறுப்பது கஷ்டம். பெட்டியே நசுங்கியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. அதனால் எல்லாவற்றையும் ஒரே குவியலாகப் போட்டுக் கேட்காதீர்கள். எந்தப் பெட்டி, யார் கட்டியது, வெளியே எப்படி இருந்தது, உள்ளே என்ன உடைந்தது என்று பெட்டிவாரியாக எழுதுங்கள். உங்கள் பெட்டிகளில் நியாயமாகக் கேட்க முடியாததை விட்டுவிடுங்கள். மற்ற கோரிக்கைகளுக்கு அதுவே பலம்.

சரி, அந்தப் பின்பக்க வரிக்கு வருவோம். லாரியில் சரக்கு ஏற்றும் தொழிலுக்கு 2007-ஆம் ஆண்டு சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களின் சாமான்களைச் சாலை வழியாகக் கொண்டுபோகிறவர்கள் அதற்குள் வருகிறார்கள். அதன் 12-ஆவது பிரிவுப்படி, பொருள் சேதமானால் அவர்களுடைய கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. நல்ல நிலையில் கொடுத்தது, சேதமாகி வந்தது, இந்த இரண்டையும் காட்டினால் போதும், மிச்சத்தை அவர்கள்தான் விளக்க வேண்டும். ‘ஓனர்ஸ் ரிஸ்க்’ என்று அச்சடித்துவிட்டால் கவனக்குறைவுக்கும் விலக்கு கிடைத்துவிடாது என்பதை, பழைய சட்டம் நடப்பில் இருந்தபோதே, 2000-ஆம் ஆண்டில் நாத் பிரதர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டுவிட்டு, அதைக் காட்டியே ஆட்களைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பலர் அத்தோடு ஓய்ந்துவிடுகிறார்கள், நீங்கள் ஓயாதீர்கள்.

தொகைக்கு ஒரு வரம்பு உண்டு. இந்தச் சட்டத்துக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, சாதாரணமாக, கட்டணத்தின் பத்து மடங்கு வரைதான் கேட்க முடியும். 20,000 ரூபாய் கட்டணம் என்றால் 2 லட்சம். பாத்திர பண்டத்துக்கு அது தாராளம். உண்மையான கண்ணி வேறு இடத்தில் இருக்கிறது. புக்கிங் படிவத்தில் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டவும் முடியாது. அதில் ‘கிச்சன் ஐட்டம்ஸ்’ என்று ஒரே வரியில் போட்டு ஒரு சொற்பத் தொகையை எழுதியிருந்தால் அதைவைத்தே பேசுவார்கள். படிவத்தின் நகலை முதலில் எடுத்துப் பாருங்கள்.

கையெழுத்தைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். ஒட்டிய பெட்டியைப் பிரிக்காமல் உள்ளே இருப்பதன் நிலை யாருக்கும் தெரியாது. அந்தத் தாள் பெட்டிகளின் எண்ணிக்கைக்குத்தான் சாட்சி என்று வாதிடலாம். மறுநாளே போனிலோ வாட்ஸ்அப்பிலோ நீங்கள் புகார் சொன்னது இருக்குமல்லவா, அது இங்கே மிகவும் உதவும். அந்த உரையாடலை அழித்துவிடாதீர்கள், போட்டோக்களையும் எடுத்த போனிலேயே அப்படியே வையுங்கள். இனி ஒருமுறை மாறினால் ‘உள்ளிருப்பதைச் சரிபார்க்கவில்லை’ என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்கிறீர்கள். பாலிசி எண்ணும் காப்பீட்டு நிறுவனத்தின் சான்றிதழும் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையிலேயே பாலிசி இருந்தால் உடனே அந்த நிறுவனத்துக்கும் தகவல் கொடுங்கள், சேதத்தை மதிப்பிட அவர்கள் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் அப்புறப்படுத்தாதீர்கள். போதாத பேக்கிங்கால் வந்த சேதத்துக்குத் தரமாட்டோம் என்ற நிபந்தனை சரக்குக் காப்பீட்டில் வழக்கமாக இருக்கும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பாலிசியே எடுக்காமல் அந்தப் பெயரில் பணம் மட்டும் வாங்கியிருந்தால், அது நியாயமற்ற வணிக நடைமுறை, தனிக் குற்றச்சாட்டாகவே புகாரில் சேருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது நோட்டீஸ். முன்பு சொன்ன சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16-ஆவது பிரிவின்படி, புக்கிங் செய்த தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் சேதத்தை எழுத்துப்பூர்வமாக அவர்களுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், இல்லையென்றால் எந்தச் சட்ட நடவடிக்கையும் செல்லாது. கணக்கு டெலிவரி தேதியிலிருந்து இல்லை, கவனியுங்கள். ‘பார்த்துச் செய்கிறோம் மேடம், மேனேஜரிடம் பேசியிருக்கிறோம்’ என்று இழுத்தடித்தே இந்த நாட்களைக் கடத்திவிடுவார்கள். வக்கீல் மூலம்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. புக்கிங் எண், தேதி, பெட்டிவாரியான பட்டியல், கேட்கும் தொகை, பதில் தர 15 நாள் அவகாசம், இவ்வளவு போதும். ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஆதாரத்தை எடுத்து வையுங்கள், மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். தொகைக்கு பில், ஆன்லைன் ஆர்டர் விவரம், வங்கிக் கணக்குப் பதிவு, எது கிடைத்தாலும் சேருங்கள். பழைய பொருளுக்குப் புது விலை முழுவதும் கிடைக்காது. ஆனால் செட்டில் பாதி உடைந்து அதே டிசைன் இப்போது கிடைக்கவில்லை என்றால் அதைச் சொல்லி முழு செட்டுக்கும் கேட்டுப் பாருங்கள்.

நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிவு செய்யுங்கள், சில நிறுவனங்கள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், அவர்கள் அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் செலுத்திய கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் புகார்க் கட்டணமும் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்ய முடியும், நீங்களே வாதாடவும் செய்யலாம். கெடு இரண்டு வருடம். உடைந்த பொருளின் மதிப்போடு இன்ஷூரன்ஸ் என்று வாங்கிய பணம், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள். நோட்டீஸை மட்டும் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.