சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் பயந்தான்

கேள்வி: வேளச்சேரியில் இருக்கிறேன். வயது 35. அலுவலக நண்பர்கள் நால்வரோடு இரண்டு வருடமாக, மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, என் வீட்டு ஹாலில் டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம் (மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு). கதையை நடத்துவது நான்தான். போன மாதம் முதல் முறையாக ஒரு திகில் கதை எடுத்தேன், ‘கால் ஆஃப் கதுல்ஹு’ என்ற இன்னொரு கதை விளையாட்டின் விதிகளின்படி. மூன்று வாரம் தயார் செய்தேன். சிவப்பு பல்பு, ஸ்பீக்கரில் பின்னணி ஓசை, பிரின்ட் எடுத்த படங்கள், அந்த ஜந்துவுக்கென்று நான் பழகி வைத்த ஒரு குரல், எல்லாம் இருந்தது. ஒருவர்கூடப் பயப்படவில்லை. ஜந்து வந்ததும் சிரித்தார்கள், அதற்கு ‘மாமா’ என்று பெயர் வைத்தார்கள். நடுவில் என் மனைவி இரண்டு முறை கதவைத் திறந்துகொண்டு வந்ததில் கொஞ்சநஞ்சம் இருந்த மூடும் போய்விட்டது. பையன் (நான்கு வயது) எழுந்துவிட்டானாம். நான் எங்கே தவறு செய்தேன்? உண்மையிலேயே பயமுறுத்துவது எப்படி?
பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: ‘எழுந்துவிட்டானாம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எதிர்வீட்டுப் பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்வதுபோல ஒரு ‘ஆம்’. உங்கள் வீடு, உங்கள் மகன், நடுவில் ஒரே ஒரு சுவர். அழுதவனை நீங்கள் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை என்று அந்த ‘ஆம்’ சொல்லிவிட்டது. மனைவி இரண்டாம் முறை வந்தபோதாவது போனீர்களா? போயிருந்தால் ‘எழுந்துவிட்டான்’ என்று எழுதியிருப்பீர்கள்.

ஒருவர்கூடப் பயப்படவில்லை என்கிறீர்கள். ஒருவன் பயந்தான் தம்பி. அவன் சிவப்பு பல்பைப் பார்க்கவில்லை, நீங்கள் பிரின்ட் எடுத்த படங்களையும் பார்க்கவில்லை. அவனுக்குக் கிடைத்ததெல்லாம் இருட்டும், சுவர் வழியாக அரைகுறையாகக் கேட்ட ஒரு குரலும்தான். அது அப்பாவின் குரல், ஆனால் அப்பா பேசுகிற மாதிரி இல்லை. மூன்று வாரம் நீங்கள் தேடிய பயம் அதுதான். அது போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று வருகிறது: அணங்கு (வருத்தும் தெய்வம், பேய் போன்றவை), விலங்கு, கள்வர், தம் இறை. முதல் மூன்றும் வெளியே இருந்து வருபவை. நான்காவது அப்படியில்லை, நம்மைக் காக்க வேண்டியவரே அச்சத்துக்குக் காரணமாவது. அங்கே ‘இறை’ என்பதற்கு அரசன் என்று உரை சொல்வார்கள். நான்கு வயதுப் பிள்ளைக்கு அரசன் யார்? நண்பர்களிடம் நீங்கள் கொண்டுபோனது முதல் இரண்டும் கலந்த ஒரு ஜந்து. உங்கள் மகனுக்குப் போனது நான்காவது.

இதைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்விக்கும் விடை வந்துவிடும், அதனால் சொல்கிறேன்.

உங்கள் நண்பர்கள் இரண்டு வருடம் ஆடியது 1974-இல் வந்த டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மரபு. அதில் அரக்கன் வந்தால் பகடையை உருட்டு, அடி, ஜெயி, லெவல் ஏறு. அரக்கன் என்பது அங்கே ஒரு வேலை. 1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய கதுல்ஹு ஆட்டம் இதற்கு நேர் எதிர். அதில் வருபவர்கள் பேராசிரியர், நிருபர், நூலகர் மாதிரி சாதாரண ஆட்கள். பத்துப் பன்னிரண்டு உயிர்ப் புள்ளிகள்தான், கடைசிவரை பெரிதாக ஏறாது. ‘சானிட்டி’ என்கிற மனத்தெளிவுப் புள்ளிகள் மட்டும் குறைந்துகொண்டே போகும். இப்போதைய விதிகளில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நீங்களும் படித்திருப்பீர்கள். ஒரே அதிர்ச்சியில் சானிட்டி ஐந்து புள்ளியோ அதற்கு மேலோ போனால் அறிவுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். அதில் ஜெயித்தால்தான் பித்துப் பிடிக்கும். தோற்றவனுக்குத் தான் பார்த்தது என்னவென்றே மனதில் நிற்காது, அதனால் தப்பித்துவிடுவான். அதாவது புரிகிற அந்த நொடியில்தான் அடி விழுகிறது.

நீங்கள் என்ன செய்தீர்கள்? படத்தை எடுத்து மேஜையில் வைத்தீர்கள். புரிந்துகொள்ள அவர்களுக்கு ஒன்றுமே மிச்சமில்லை. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று நம் ஊரில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அரள வேண்டும், பேய் தானாக வரும். நீங்கள் அரளாதவர்கள் முன்னால் பேயைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். ஆட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி: உங்கள் கேரக்டர் பயந்துபோனால் யாருக்குப் போன் செய்வார்? ஒருவர் ‘அம்மாவுக்கு’ என்பார். குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது மணி நேரத்தில் அவர் போன் செய்யட்டும். அம்மா எடுக்கிறாள், சாப்பிட்டாயா என்கிறாள், ஊர்க்கதை பேசுகிறாள். எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் செல்லப் பெயரை மட்டும் தப்பாகச் சொல்கிறாள். அங்கே நிறுத்துங்கள். ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம். குரலை மாற்றவும் வேண்டாம், தணித்தாலே போதும். அவர்கள் காது கொடுத்துக் கேட்க மேஜைமேல் குனிய வேண்டும். கதவைத் திறந்து வந்த உங்கள் மனைவி, சத்தத்தைக் குறையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார். அன்று அந்த ஹாலில் யாரும் சொன்னதில் உருப்படியான யோசனை அதுதான், நீங்கள் அதை இடைஞ்சல் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

திகில் ஆட்டங்களில் எக்ஸ் அட்டை என்று ஒன்று வைப்பார்கள், ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் கொண்டுவந்தது. மேஜை நடுவில் எக்ஸ் எழுதிய ஒரு அட்டை. யாருக்குத் தாங்கவில்லையோ அவர் தொட்டால் போதும், காரணம் கேட்கக் கூடாது, அந்தக் காட்சியை விட்டுவிட்டு மேலே போக வேண்டும். கட்டாயம் வையுங்கள். ஆனால் சுவருக்குப் பின்னால் படுத்திருந்தவனுக்கு அந்த அட்டை எட்டாதே? அவனுக்காக அதைத் தொட்டவர் உங்கள் மனைவி. இரண்டு முறை தொட்டார். நீங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தீர்கள்.

எங்கள் பாட்டி கரன்ட் போன ராத்திரிகளில் முனி கதை சொல்வாள். அவளைப் போல நடுங்க வைத்தவர்களை நான் பார்த்ததில்லை. ஆனால் கதை சொன்ன அன்று எங்கள் நடுவில்தான் படுப்பாள். எத்தனை மணிக்கு எழுப்பினாலும் முனகாமல் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு கொல்லைவரை கூட வருவாள். அந்தக் கடமையை வேறு யாரிடமும் தள்ளிவிட்டதில்லை. ஒரு வீட்டில் பயத்தைக் கிளப்புகிறவர்தான் அதை ஆற்றவும் வேண்டும், இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. நீங்கள் கிளப்பினீர்கள், ஆற்றியது உங்கள் மனைவி. அதற்குமேல் மூடைக் கெடுத்தார் என்று ஒரு பத்திரிகைக்குப் புகாரும் எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

சரி, விளையாட்டை விடச் சொல்லவில்லை. திகில் கதையைச் சிறு பிள்ளை இல்லாத நண்பர் வீட்டுக்கு மாற்றுங்கள். உங்களுக்கு ஒரு சனிக்கிழமை என்றால் உங்கள் மனைவிக்கும் ஒரு சனிக்கிழமை. அன்று பையனுக்குச் சோறூட்டித் தூங்க வைப்பது உங்கள் பொறுப்பு, அவர் எங்கே வேண்டுமானாலும் போய்வரட்டும்.

அதற்கு முன்னால், இந்த ஞாயிறு பகலில் பையனை அந்த மேஜைக்குக் கூட்டி வாருங்கள். ‘ஒன்றுமில்லடா, பயப்படாதே’ என்று மழுப்ப வேண்டாம், அவன் கேட்டது நிஜம். பகடைகளை அவன் கையில் கொடுங்கள். அப்பா இங்கேதான் உட்கார்ந்து அப்படிப் பேசினேன் என்று சொல்லுங்கள். அந்தக் குரலை அவன் கண் முன்னால், உங்கள் வாய் அசைவது தெரிய, மெதுவாக ஒருமுறை பேசிக் காட்டுங்கள். அப்புறம் அவனைப் பேசச் சொல்லுங்கள். அவன் பேசும்போது நீங்கள் பயந்து மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளுங்கள்.