பிரிட்டனின் டைஃபூ டீ ஏன் விழுந்தது?

கேள்வி: நூறு வருடத்துக்கு மேல் ஓடிய டைஃபூ டீ நிறுவனம் 2024-ல் திவால் நிலைக்குப் போனது ஏன்? பிரிட்டிஷ்காரர்கள் டீ குடிப்பதையே விட்டுவிட்டார்களா?

குடிப்பது குறைந்திருக்கிறது, அது உண்மை. ஆனால் டைஃபூ விழுந்ததற்கு அதுதான் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நான் குன்னூர்க்காரன். அப்பா அங்கே ஒரு தேயிலை ஃபேக்டரியில் சலிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். இப்போது நான் இருப்பது டைஃபூ பிறந்த பர்மிங்காமில். வந்த புதிதில் சில வருடம் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் இரவு ஷிஃப்ட் பார்த்தேன், டீ காபி வரிசையை அடுக்குவது என் பொறுப்பு. அந்தச் சிவப்புப் பெட்டியை எத்தனை ஆயிரம் முறை கையில் எடுத்திருப்பேனோ, தெரியாது.

முதலில் அந்த டீயின் கதை. 1903-ல் இங்கே ஜான் சம்னர் என்ற மளிகைக்கடைக்காரர் இருந்தார். அவருடைய சகோதரி மேரிக்கு அஜீரணத் தொல்லை. பொடி இலையாக ஒரு தேயிலை கிடைத்து, அதைப் போட்டுக் குடித்ததில் வயிறு லேசானது. அந்தக் காலத்தில் பெரிய இலைக்குத்தான் மதிப்பு, பொடியைக் கழிவு மாதிரி பார்ப்பார்கள். சம்னர் அந்தப் பொடியையே பொட்டலம் போட்டு, மருத்துவரைக் குறிக்கும் சீனச் சொல்லிலிருந்து டைஃபூ என்று பெயர் வைத்து விற்றார். தேயிலையை இலங்கையிலிருந்து வரவழைத்தார். அங்கே மலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து போன தமிழர்கள்தான். டைஃபூ பற்றி எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

சம்னரின் கணக்கு சரி என்பதை அப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சல்லடையில் பெரிய இலை மேலே தங்கும், அதற்குக் கீழே ஃபேனிங்ஸ் என்கிற சின்னத் துகள், அடியில் டஸ்ட் என்கிற தூள். சாயமும் கடுப்பும் சட்டென்று இறங்குவது கீழே விழுகிற அந்தச் சின்னத் துகளில்தான். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்து, கொஞ்சம் பால் ஊற்றிக் குடிக்கிற பிரிட்டிஷ் பழக்கத்துக்கு அதைவிடப் பொருத்தமான தேயிலை கிடையாது. பிற்பாடு டீ பேக் வந்தபோதும் அதற்குள் போனது இதே பொடிதான்.

1941-ல் போர்ட்ஸ்லி தெருவில் இருந்த ஃபேக்டரி மேல் ஜெர்மானியக் குண்டு விழுந்தது. போட்டி நிறுவனங்களான ப்ரூக் பாண்டும் லயன்ஸும் கை கொடுத்து டைஃபூவைப் பொட்டலம் போட்டுக் கொடுத்தன. அதைத் தாண்டியும் நின்ற பிராண்டு இது.

அப்புறம்தான் கை மாறத் தொடங்கியது. 1968-ல் ஷ்வெப்ஸ் என்ற குளிர்பான நிறுவனம், அடுத்த வருடமே அது கேட்பரியோடு சேர்ந்தது. 1978-ல் பர்மிங்காம் ஃபேக்டரியை மூடிவிட்டு லிவர்பூல் பக்கம் மோர்ட்டனுக்குப் போனார்கள். 1986-ல் நிர்வாகிகளே சேர்ந்து வாங்கினார்கள், பிறகு ஹில்ஸ்டவுன் என்ற உணவு நிறுவனம். 2005-ல் கொல்கத்தாவின் ஏபிஜே சுரேந்திரா குழுமம் 8 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2021-ல் ஜெட்லண்ட் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம்.

இத்தனை பேர் மாறினால் கடை அலமாரியில் என்ன ஆகும் என்று நான் பார்த்தேன். டீ வரிசையில் கண் மட்டத்தில் இருக்கும் தட்டுக்குத்தான் விலை. நான் சேர்ந்தபோதே அங்கே டைஃபூ இல்லை, முழங்கால் உயரத்தில் இருந்தது. பக்கத்தில் கடையின் சொந்த லேபிள் டீ, விலை அதைவிடக் குறைவு. மேல் தட்டில் யார்க்ஷயர் டீ, விலை அதிகம், ஆனாலும் அதுதான் முதலில் காலியாகும். புதுசாக அடுக்கு வரைபடம் வரும்போதெல்லாம் புதினா, கெமோமில், எலுமிச்சை-இஞ்சி என்று மூலிகை டீக்கு இடம் கூடும், கறுப்பு டீக்குக் குறையும். மலிவு வேண்டுகிறவருக்கும் டைஃபூ தேவைப்படவில்லை, ருசி தேடுகிறவருக்கும் தேவைப்படவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டது.

குடிப்பது குறைந்த கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அரசின் உணவுக் கணக்கெடுப்பின்படி 1974-ல் ஒருவர் வாரத்துக்கு 68 கிராம் தேயிலை வாங்கினார், 2014-ல் 25 கிராம். பெரிய சரிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சரிவு எல்லாருக்கும் பொது. ஹாரோகேட் ஊரில் ஒரு குடும்ப நிறுவனம் 1977-ல் ஆரம்பித்த யார்க்ஷயர் டீ, இதே சுருங்குகிற சந்தையில்தான் வளர்ந்து, பிஜி டிப்ஸ் என்ற பெரிய டீ பிராண்டையே முந்தி முதலிடத்துக்கு வந்தது. அவர்கள் ஒரே கையில் இருந்தார்கள், கலவையை விடாமல் கவனித்தார்கள், 'நல்ல டீ வேண்டுமா, இதோ' என்று ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். டைஃபூவின் பேச்சு என்ன என்று 2020-ல் யாரையாவது கேட்டிருந்தால் பழைய விளம்பரப் பாட்டு ஒன்றைத்தான் பாடிக் காட்டியிருப்பார்கள்.

2023-ல் மோர்ட்டன் ஃபேக்டரியை மூடினார்கள். காலியாக இருந்த அந்தக் கட்டடத்துக்குள் ஆகஸ்டில் ஒரு கும்பல் புகுந்து சில நாள் இருந்து, பெரிய சேதம் செய்தது. அந்த நிதியாண்டில் விற்பனை 3.37 கோடி பவுண்டிலிருந்து 2.53 கோடிக்கு இறங்கியது, நஷ்டம் சுமார் 3.8 கோடி. விற்பனையைவிட நஷ்டம் அதிகம்! 2024 நவம்பரில் திவால் நடவடிக்கை. டிசம்பரில் சுப்ரீம் என்ற மான்செஸ்டர் நிறுவனம் வாங்கியது. முக்கியமாக வேப் எனப்படும் மின்சிகரெட் வியாபாரம் செய்கிறவர்கள். விலை 1.02 கோடி பவுண்டு. மேலே 2005-ல் கொடுத்த விலையை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

அந்தக் காலத்தில் எங்கள் கடைக்குக் கதவு திறந்ததும் வரும் பெரியவர் ஒருவர் உண்டு. எண்பது பேக் பெட்டி ஒன்று, வேறு எதையும் தொட மாட்டார். ஒரு நாள் டைஃபூ தட்டு காலி. விலைச் சீட்டு மட்டும் இருந்தது. அவர் குனிந்து, கையை உள்ளே விட்டுத் தட்டின் பின்பக்கம் வரை தடவிப் பார்த்தார். 'அடுத்த வாரம் வரும்' என்றேன். அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் அவர் யார்க்ஷயர் பெட்டியை எடுத்து, பின்னால் எழுதியிருந்ததை நின்று முழுதாகப் படித்துவிட்டுக் கூடையில் போட்டார். டைஃபூ திரும்ப வந்த பிறகும் அவர் அந்தத் தட்டுப் பக்கம் குனியவில்லை.

பெட்டி இன்றைக்கும் கடையில் கிடைக்கிறது, பெயர் அழியவில்லை. போர்ட்ஸ்லி தெருவில் பழைய ஃபேக்டரிக் கட்டடத்தை பிபிசி தன் அலுவலகமாக மாற்றி எடுத்துக்கொள்கிறது.