ரிட்டுக்ஸிமாப் ஏற்றிக்கொள்பவர்களும் துணைக்கு இருப்பவர்களும்: ஒரு செவிலியரின் கேள்வி பதில்

புற்றுநோய் வார்டுகளில் சொட்டு மருந்து ஏற்றும் பணியில் நெடுங்காலம் இருந்துவிட்டு இப்போது நாகர்கோவிலில் ஓய்வில் இருக்கிறேன். நம் மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளில் மருந்து ஏற்றுவதைப் பற்றியவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை உங்கள் மருத்துவரே முடிவு செய்வார்.

தக்கலை: சிஸ்டர், அப்பாவுக்குப் பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். திங்களன்று திருவனந்தபுரத்தில் முதல் ரிட்டுக்ஸிமாப். ஒரு மருந்து ஏற்ற நாள் முழுவதும் ஆகுமா?

ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். வழக்கமான கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்கள் எல்லாவற்றையும் தாக்குகின்றன. இதுவோ பி செல்கள் என்ற வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் உள்ள சிடி20 என்ற புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு, அந்தச் செல்லை நம் உடலின் எதிர்ப்பு சக்தியே அழிக்கும்படி அடையாளம் காட்டும் எதிர்ப்புரதம். எலியின் பகுதியும் மனிதப் பகுதியும் சேர்ந்த புரதம் என்பதாலும், முதல் முறையில் நோய்ச் செல்கள் ஒரே நேரத்தில் ஏராளமாக உடைவதாலும், உடல் எதிர்வினை காட்டக்கூடும்.

ஆகவே பாரசிட்டமாலும் அலர்ஜி ஊசியும், பெரும்பாலும் ஸ்டீராய்டும் கொடுத்த பிறகு, மணிக்கு 50 மில்லிகிராம் என்று தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை 50 கூட்டி, அதிகபட்சம் 400 வரை போவோம். அளவு உடற்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம். அப்பாவுக்கு 600 மில்லிகிராம் வருகிறதென்றால், எங்கும் நிறுத்தாமல் போனாலே மூன்றே கால் மணி நேரம் பிடிக்கும். நடுக்கம் வந்தால் நிறுத்தி, அது அடங்கிய பின் பாதி வேகத்தில் மீண்டும் தொடங்குவோம்.

துணைக்கு இருப்பவர் முதல் இரண்டு மணி நேரம் படுக்கையை விட்டு நகரக் கூடாது. மே மாத வெயிலில் ஒருவர் "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்லிக்கொண்டே போர்வையைக் கழுத்துவரை இழுத்தால், நான் முதலில் சொட்டை நிறுத்திவிட்டுத்தான் நாடி பார்ப்பேன். தொண்டையில் கரகரப்பு, காதில் அரிப்பு, நெஞ்சில் இறுக்கம் எது வந்தாலும் உடனே சொல்லச் சொல்லுங்கள். சொட்டு மெதுவாக இறங்குகிறதே என்று குழாயில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் உருளையை நீங்களே திருப்பிவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன்: அப்பாவுக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கான பரிசோதனை எடுத்தாயிற்றா?

குழித்துறை: மாமாவுக்குப் பிரஷர் உண்டு. அன்று காலை மாத்திரை போடலாமா?

ஏற்றும்போது இரத்த அழுத்தம் இறங்கக்கூடும் என்பதால், 12 மணி நேரத்துக்கு முன்பிருந்தே அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்வதுண்டு. முந்தைய நாளே மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், போடவும் வேண்டாம்.

மார்த்தாண்டம்: அம்மாவுக்கு இந்தியத் தயாரிப்பு எழுதியிருக்கிறார்கள். துபாயில் இருக்கும் அண்ணன், ஒரிஜினலையே வாங்கி வருகிறேன் என்கிறார். எது நல்லது?

இதைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். அமெரிக்காவில் 1997-இல் இந்த மருந்து அனுமதி பெற்றது. 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தியாவில் தன் தயாரிப்பைக் கொண்டுவந்தது. அதன் பிறகே, வீட்டை விற்காமல் சிகிச்சையை முடித்த குடும்பங்களை வார்டில் பார்க்கத் தொடங்கினேன். அது கள்ள மருந்து அன்று, பயோசிமிலர், அதாவது முதலில் வந்த மருந்தைப் பெரிதும் ஒத்த மருந்து.

நாகர்கோவில் (இடைமறித்து): நான் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். பாரசிட்டமாலைப் போல அச்சு அசலாக இதைச் செய்ய முடியாது என்பதை மறைக்கக் கூடாது.

மறைக்கவில்லை. ஒரு வகை வெள்ளெலியின் செல்களில் வளர்த்தெடுக்கப்படும் பெரிய புரதம் இது. அணு பிசகாமல் நகலெடுக்க முடியாது என்பது சரிதான். ஆனால் முதல் நிறுவனத்தின் தயாரிப்பிலேயே ஒரு பேட்ச்சுக்கும் அடுத்த பேட்ச்சுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். கேட்க வேண்டியது, நோயைக் கட்டுப்படுத்துவதிலும் பக்கவிளைவிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு உண்டா என்பதே. அதை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஐரோப்பாவும் 2017-இல் ரிட்டுக்ஸிமாப் பயோசிமிலருக்கு அனுமதி கொடுத்தது.

குளச்சல்: என் கணவருக்கு ஆறு முறையும் இந்தியத் தயாரிப்புதான். மூன்று வருடமாக நன்றாகத் தொழிலுக்குப் போகிறார். கடைக்காரர் பயமுறுத்த வேண்டாம்.

நாகர்கோவில்: ஒருவருக்கு நன்றானது சான்றாகாது, அம்மா.

இருவர் சொல்வதும் சரி. ஒருவரின் அனுபவம் சான்றாகாது. ஆனாலும் அந்த அம்மாவின் கோபம் எனக்குப் புரிகிறது. வாங்க முடியாத மருந்தைக் காட்டி, வாங்க முடிந்த மருந்தின் மீது ஐயத்தை விதைத்தால் சிகிச்சை தள்ளிப்போகும். அந்த இழப்பு நோயாளிக்கே.

துபாய் அண்ணனுக்கு ஒரு சொல். குப்பி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. கடலில் பிடித்த மீனை ஐஸில் புதைப்பதைப்போல, பெட்டியில் ஐஸை நிறைத்து அதன் நடுவில் வைத்துக் கொண்டுவந்த ஒரு குப்பியை நான் கையில் வாங்கியபோது, உள்ளே மருந்து பனிக்கட்டியாக இறுகியிருந்தது. அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, இதை ஏற்ற முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இரணியல்: ஈரல் ரிப்போர்ட் நார்மல். பிறகு எதற்கு ஹெபடைட்டிஸ் பி?

ஈரல் நார்மலாக இருக்கும்போதே அந்தக் கிருமி உறங்கிக்கொண்டிருக்கலாம். பி செல்கள் குறைந்ததும் விழித்துக்கொள்ளும், உயிரையும் பறிக்கும். கிருமியின் மேற்பரப்புப் புரதத்தைத் தேடும் பரிசோதனை ஒன்று மட்டும் போதாது. பழைய தொற்றைக் காட்டும் கோர் ஆன்டிபாடியும் பார்க்க வேண்டும். நான் இருந்த ஓரிடத்தில் அந்த இரண்டாவது பரிசோதனை விடுபட்டுப்போயிற்று. மூன்றாம் மாதம் கண் மஞ்சளான அந்த மனிதருக்கு வீட்டில் பத்து நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டு அழைத்து வந்தார்கள். எங்களால் காப்பாற்ற முடியவில்லை. தொற்று இருந்தது முன்பே தெரிந்திருந்தால், என்டகாவிர் போன்ற ஒரு மாத்திரையைத் தினமும் கொடுத்துத் தடுத்திருக்கலாம்.

திங்கள்நகர்: மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கும் இதை ஏற்றலாமா?

பெரும்பாலான மைலோமா செல்களில் சிடி20 இராது. அதற்கு சிடி38-ஐக் குறிவைக்கும் டாராட்டுமுமாப் தனியாக உண்டு.

அருமனை, தோவாளை, கருங்கல்: முடி கொட்டுமா?

மூவருக்கும் ஒரே விடை: ரிட்டுக்ஸிமாப்பால் அன்று, கூடக் கொடுக்கும் கீமோவால் கொட்டும், திரும்ப வளரும்.

மணவாளக்குறிச்சி: எங்கள் கடற்கரை மணலின் கதிர்வீச்சால்தான் இந்த நோய் வந்ததா?

இது என் துறை அன்று. புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள்.

பூதப்பாண்டி: முதலமைச்சர் காப்பீட்டில் கிடைக்குமா?

ஆசாரிபள்ளம் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையுடன் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி ரிப்போர்ட்டையும் கோப்பில் வையுங்கள்.

கொல்லங்கோடு: முடி கொட்டுமா?

மேலே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து வாசியுங்கள்.

பத்மநாபபுரம்: அத்தைக்குச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம். இரண்டு நாளாகக் கண் லேசாக மஞ்சள், சிறுநீரும் மஞ்சள். பக்கத்து வீட்டில் கீழாநெல்லி கொடுக்கலாம் என்கிறார்கள். ஒரு வாரம் பார்க்கலாமா?

வேண்டாம். கடைசி முறை ஏற்றி இரண்டு வருடம் ஆன பிறகும் அந்தக் கிருமி விழிக்கலாம். அத்தையை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் முதல் வார்த்தையாக "ரிட்டுக்ஸிமாப் ஏற்றியவர், கண் மஞ்சளாக இருக்கிறது" என்று சொல்லுங்கள்.