கணினி கேள்வி – பதில்: அப்பாவின் பழைய ஹார்ட் டிஸ்க்

கேள்வி: அப்பாவின் பழைய டெஸ்க்டாப் உயிர் பெறவே மாட்டேன் என்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய மெஷின். மதர்போர்டு போச்சு என்று கடையில் கைவிரித்துவிட்டார்கள். கல்யாண ஃபோட்டோக்கள், அப்பா தமிழில் டைப் செய்த ஊர்க்கதைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அந்த ஹார்ட் டிஸ்க்கை என் விண்டோஸ் 11 லேப்டாப்பில் மாட்ட முடியுமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உள்ளே மாட்ட முடியாது, வெளியே மாட்டலாம், உங்களுக்கு அதுவே போதும். மதர்போர்டு போனாலும் பெரும்பாலும் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும்.

முதலில் டிஸ்க்கைக் கழற்றி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு வரிசையாக ஊசி ஊசியாக நின்றால் ஐடிஇ என்ற பழைய இணைப்பு வகை, எல் வடிவத்தில் தட்டையாக இரண்டு இடம் இருந்தால் சாட்டா என்ற புதிய வகை. மொபைலில் ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு கணினிச் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு பக்கம் போய் 'ஐடிஇ, சாட்டா ரெண்டுக்கும் சேர்ந்த யுஎஸ்பி அடாப்டர்' என்று கேளுங்கள். பெட்டிக்குள் தனி பவர் அடாப்டர் இருக்கிறதா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுங்கள், ஏனென்றால் டெஸ்க்டாப் டிஸ்க்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யுஎஸ்பி தருவது 5 வோல்ட்தான். ஐடிஇ என்றால் பின்பக்கம் இருக்கும் குட்டி ஜம்பரை (இரண்டு ஊசிகளைச் சேர்த்து மாட்டும் சிறு துண்டு) 'மாஸ்டர்' இடத்தில் போடுங்கள். எது மாஸ்டர் என்பது பெரும்பாலும் டிஸ்க் மேல் ஒட்டிய லேபிளிலேயே படம் போட்டிருக்கும்.

சொருகியதும் 'டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் கேன்சல். 'பிழை இருக்கிறது, சரிசெய்யட்டுமா' என்றாலும் கேன்சல். காப்பி முடியும்வரை அந்த டிஸ்க்கில் எந்த ரிப்பேரும் வேண்டாம். டிக் டிக் என்று தட்டும் சத்தம் வந்தால் உடனே பவரை எடுத்துவிட்டு டேட்டா ரெகவரி செய்பவர்களிடம் கொடுங்கள். 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்' என்றுதான் பலர் இருப்பதையும் தொலைக்கிறார்கள்.

சத்தம் இல்லையா, சரி, 'டாக்குமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்' ஃபோல்டருக்குள் அப்பாவின் பெயரில் ஒன்று இருக்கும். அனுமதி இல்லை என்று சொன்னால் 'கன்டினியூ' அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள். டெஸ்க்டாப்பும் 'மை டாக்குமெண்ட்ஸ்'ம் அதற்குள்தான். ஃபோட்டோக்களை முதலில் எடுங்கள், சினிமா பாட்டெல்லாம் அப்புறம். பழைய புரோகிராம்களைக் காப்பி செய்து பயனில்லை, திரும்ப இன்ஸ்டால் செய்தால்தான் ஓடும்.

ஆனால் பழைய டிஸ்க்கின் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை விட்டுவிடாதீர்கள். தமிழ் வீடுகளில் இதைத்தான் கோட்டை விடுகிறோம். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொது முறையான யூனிகோடில் அந்தக் காலத்தில் டைப் செய்தவர்கள் குறைவு. பாமினி மாதிரி ஃபான்ட்டுகளில் அடியில் இருப்பது ஆங்கில எழுத்தும் குறிகளும்தான், அரைப்புள்ளிதான் அங்கே மெய்யெழுத்தின் புள்ளி. ஃபான்ட் இல்லாத லேப்டாப்பில் அப்பாவின் கதையைத் திறந்தால் புரியாத ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், வைரஸ் தின்றுவிட்டது என்று அழித்தே விடுவீர்கள். பழைய டிஸ்க்கிலிருந்து அந்த ஃபான்ட்டை எடுத்து லேப்டாப்பில் இன்ஸ்டால் செய்தால் தமிழ் திரும்பிவிடும். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம், அதற்கு இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள், நடுவில் வரும் ஆங்கில வார்த்தைகளையும் சேர்த்து அந்த மாற்றி தமிழ் எழுத்தாக்கி வைத்திருக்கும்.

கேள்வி: டேட்டாவை எடுத்தாச்சு. ஃபார்மேட் செய்து பழைய டிஸ்க்கை எடைக்குப் போட்டுவிடலாமா?
– வாசகி, ஸ்ரீராமபுரம், பெங்களூரு

பதில்: எடுத்ததற்கு இரண்டு காப்பி இருக்கிறதா? ஒன்றுதான் என்றால் பழைய டிஸ்க் பீரோவிலேயே கிடக்கட்டும். இரண்டு இருந்தால் ஃபார்மேட் செய்யும்போது 'குயிக் ஃபார்மேட்' டிக்கை எடுத்துவிடுங்கள். குயிக் என்பது பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழிப்பது, உள்ளே இருப்பதை இலவச சாஃப்ட்வேர் வைத்தே மீட்டுவிடலாம். டிக் இல்லாமல் செய்தால் ஃபார்மேட் செய்யும் டிரைவ் முழுக்கப் பூஜ்யத்தை எழுதும், பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்குங்கள். எடைக்குப் போடுவதைவிட மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுப்பது நல்லது.