இறால் குளத்துக்கு டேட்டா லாகர்: எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: தொண்டிப் பக்கம் இறால் குளம் வைத்திருக்கிறேன். கரைந்த ஆக்சிஜனை இரவு முழுக்கப் பதிவு செய்ய ஒரு லாகர் வேண்டும். ஒன்றில் 12 பிட், இன்னொன்றில் 16 பிட். விலையில் பெரிய வித்தியாசம். சாம்பிளிங் ரேட், அக்யூரசி, 4-20 மில்லி ஆம்பியர் என்பதெல்லாம் என்ன? எதை வாங்கலாம்?

பதில்: 12 பிட்டே போதும். மிச்சப் பணத்தை நல்ல சென்சாரில் போடுங்கள்.

12 பிட் லாகர், அளவு வரம்பை 4096 படிகளாக வெட்டும். லிட்டருக்கு 0 முதல் 20 மில்லிகிராம் வரை அளந்தால் ஒரு படி 0.005 தான். இதற்குப் பெயர் ரெசல்யூஷன். சென்சாரின் அக்யூரசியோ ±0.2 என்று போட்டிருக்கும். அதாவது மேலும் கீழும் நாற்பது படி தப்பலாம். ஏலத்தில் மீன் நிறுக்கும் தராசு கிராம் வரைக்கும் காட்டும். வெறும் தட்டிலேயே 100 கிராம் காட்டினால் அந்தக் கிராமை வைத்து என்ன செய்வது?

நம் கரையில் இதைவிடப் பெரிய தப்பு உப்பில்தான் வருகிறது. 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், கடல் தண்ணீர் சுமார் 6.2 தான். மீட்டரில் உப்பளவை 0 என்றே விட்டுவிட்டால், குளத்தில் 4 இருக்கும்போது 5-க்குப் பக்கத்தில் காட்டும். நீங்களும் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். தயவுசெய்து இதை முதலில் சரிசெய்யுங்கள்.

சாம்பிளிங் ரேட் என்பது எத்தனை நேரத்துக்கு ஒருமுறை அளக்கிறது என்பது. கடல் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி வற்றுகிறது. தினமும் காலை 6 மணிக்கு மட்டும் கரையில் போய்ப் பார்ப்பவருக்கு, அது ஏறக்குறைய 15 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதாகத் தோன்றும். இப்படி இல்லாத அலை தெரிவதுதான் ஏலியாசிங். ஆக்சிஜன் மெதுவாக மாறுவது, 5 நிமிடத்துக்கு ஒன்று போதும்.

அப்புறம் ஒயர். குளத்திலிருந்து ஷெட் தூரம் என்றால் அளவை மின்னோட்டமாக அனுப்பும் 4-20 மில்லி ஆம்பியர் சென்சாரே வாங்குங்கள். 4 மில்லி ஆம்பியர் என்றால் ஆக்சிஜன் பூஜ்யம், 20 என்றால் முழு அளவு. ஒயர் அறுந்தால் 0 மில்லி ஆம்பியர் காட்டும். ஆக்சிஜன் இல்லையா, ஒயர் இல்லையா என்று குழப்பம் வராது. ஷீல்டு ஒயர் (உள்ளே உலோக உறை சுற்றிய ஒயர்) போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். ஏரேட்டர் (தண்ணீரில் காற்று கலக்கும் இயந்திரம்) கேபிளோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

மாட்டிய முதல் வாரம், விடிவதற்கு முன் உப்பளவு சரியாக வைத்த கை மீட்டரால் ஒத்துப் பாருங்கள். ஆக்சிஜன் அடிமட்டத்துக்கு இறங்குவது அப்போதுதான்.