ஓ-யூ-ஜி-எச் என்று முடியும் ஐந்தெழுத்துச் சொற்கள்: கேள்வி பதில்

ஐந்தே எழுத்து, அதில் கடைசி நான்கும் ஓ-யூ-ஜி-எச். இந்த வகை ஆங்கிலச் சொற்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழில் எழுதும்போது டைகர், டாலர் என்ற சொற்களின் முதல் எழுத்துகள் இரண்டுக்கும் 'டி' என்றே வருவதால், டைகர் டி, டாலர் டி என்று பிரித்துக் காட்டுகிறேன். 'பி'யையும் அப்படியே பஸ் பி, பென் பி என்று பிரிக்கிறேன்.

கே: இப்படி முடியும் சொற்கள் மொத்தம் எத்தனை சார்? பொருளும் சொல்லுங்கள்.

ப: எட்டு. அதில் ஐந்து எல்லோருக்கும் தேவைப்படும். ஆரில் தொடங்கினால் 'ரஃப்': சொரசொரப்பான, கரடுமுரடான, தோராயமான. டைகர் டியில் தொடங்கினால் 'டஃப்': கடினமான, எளிதில் உடையாத, கிழியாத. சியில் 'காஃப்': இருமல், இருமுதல். டாலர் டியில் 'டோ': பிசைந்த மாவு. பஸ் பியில் 'பவ்': மரத்தின் பெரிய கிளை. எல், எஸ், எச் ஆகிய மூன்றில் தொடங்குபவை அரிதானவை. அவற்றைப் பற்றித் தனியாக ஒருவர் கேட்டிருக்கிறார், அங்கே சொல்கிறேன்.

கே: எழுத்து ஒன்றுதானே, உச்சரிப்பு மட்டும் ஏன் ஆளுக்கு ஒரு விதமாக இருக்கிறது? என் மகள் 'டோ'வையும் 'டஃப்' என்றே படிக்கிறாள்.

ப: உங்கள் மகள் படித்த விதத்தில் நியாயம் இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தை நம்பிப் படிக்கிற குழந்தை அப்படித்தான் படிக்கும். திட்டாதீர்கள். எழுத்துக்கும் ஒலிக்கும் இருந்த தொடர்பு அறுந்து போனதுதான் கோளாறு.

'எஃகு', 'அஃது' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆய்தம் வரும் இடத்தில் உதடு சேராது, தொண்டைக்குப் பக்கத்தில் காற்று உரசிக்கொண்டு போகும். ஏறக்குறைய அப்படி ஓர் ஒலி பழைய ஆங்கிலத்தில் இருந்தது. இந்தச் சொற்களில் பெரும்பாலானவை அந்த ஒலியில்தான் முடிந்தன. அப்போது ரஃப் என்பது 'ரூஹ்', டஃப் என்பது 'தோஹ்' என்பது போல ஒலித்தது. டோவுக்கும் பவ்வுக்கும் கடைசியில் ஜி எழுதினார்கள். 1066-ல் பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு முறையில் பழகிய எழுத்தர்கள் கைக்கு எழுத்து வேலை போனது. அந்தத் தொண்டை ஒலிக்கு ஜி-எச் என்று இரண்டெழுத்தைச் சேர்த்து எழுதும் வழக்கம் பரவியது. 1476-ல் வில்லியம் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு வந்ததும் எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல இறுகிவிட்டது. ஆனால் பேசுகிறவர்கள் வாயில் ஒலி மாறிக்கொண்டே இருந்தது. தொண்டை ஒலி சில சொற்களில் அடியோடு மறைந்தது. டோவும் பவ்வும் அப்படி வந்தவை. வேறு சிலவற்றில் உரசல் தொண்டையிலிருந்து உதட்டுக்கு நகர்ந்தது; ரஃப், டஃப், காஃப் மூன்றும் அப்படி வந்தவை. உயிரொலிகளும் அந்தக் காலத்தில்தான் இடம் மாறின.

ஆக, ஜி-எச் என்பது காணாமல் போன ஓர் ஒலிக்கு வைத்த நடுகல். 'ரஃப்' என்று தமிழில் எழுத நாம் அதே ஆய்தத்தைத்தான் எடுத்திருக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் ஒரு சிலிர்ப்பு வரும்.

நம் 'க'வுக்கும் கடல், அகம், தங்கம் என்று மூன்று ஒலி உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் எந்த இடத்தில் எந்த ஒலி என்பதற்கு ஒழுங்கு இருக்கிறது. ஓ-யூ-ஜி-எச்சுக்கு அப்படி எந்த விதியும் கிடையாது. விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கே: அப்படியானால் மனப்பாடம்தானா? தேர்வுக்குப் படிக்கிறேன் சார்.

ப: மனப்பாடம்தான் தம்பி, ஆனால் பட்டியலாகச் செய்யாதே. ஒலி ஒத்தவற்றைக் கூட்டாளிகளாகக் கட்டிவை. ஆறெழுத்துச் சொற்களையும் சேர்த்துக்கொண்டால் கூட்டணி சுலபமாக அமையும். ரஃப், டஃப், இனஃப் (போதும்) ஒரு கட்டு. காஃப், ட்ராஃப் (கால்நடைத் தொட்டி) ஒரு கட்டு. டோ, தோ (இருந்தாலும்) ஒரு கட்டு. பவ், ப்ளவ் (ஏர், உழுதல்) ஒரு கட்டு. ஒவ்வொரு கட்டையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுது. காது முதலில் பிடித்துக்கொண்டால் கை தானாகப் பின்னால் வரும்.

கே: 'டோ' என்றால் மாவு என்கிறீர்கள். 'ஃப்ளவர்' என்றாலும் மாவுதானே?

ப: தமிழில் மூன்று நிலைக்கும் 'மாவு' என்ற ஒரே சொல் போதுமானதாக இருப்பதால் வரும் குழப்பம் இது. உலர்ந்த பொடி ஃப்ளவர். நீர் விட்டுப் பிசைந்து, கையில் உருட்டினால் உருண்டையாக நிற்பது டோ. ஊற்றும் பதத்தில் கரைத்தது பேட்டர். பேச்சு வழக்கில் டோவுக்குப் பணம் என்றும் பொருள் உண்டு. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: 'லேடி' என்ற சொல்லின் பின்பாதி இந்த டோவுக்கு உறவு. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் 'ரொட்டி பிசைபவள்'. 'லார்ட்' என்றால் 'ரொட்டியைக் காப்பவன்'.

கே: பவ், பிராஞ்ச் இரண்டும் கிளைதான். என்ன வேறுபாடு?

ப: பிராஞ்ச் எந்தக் கிளைக்கும் பொருந்தும், அலுவலகக் கிளைக்கும் கூட. பவ் என்பது அடிமரத்திலிருந்து பிரியும் பருத்த மரக்கிளை மட்டுமே. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் தோள் என்றும் பொருள் இருந்தது. மரத்தின் தோள் என்று நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது.

கே: அந்த மூன்று அரிய சொற்கள்?

ப: எல்லில் தொடங்குவது அயர்லாந்தில் ஏரிக்கு உள்ள பெயர். உச்சரிப்பு 'லாக்', ஊர்க்காரர்கள் சொல்லும்போது கடைசியில் அந்தப் பழைய தொண்டை உரசல் அப்படியே கேட்கும். வட அயர்லாந்தின் லாக் நேய் சுமார் 390 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பெரிய ஏரி. எஸ்ஸில் தொடங்குவது, மரங்களுக்கு நடுவே காற்று போகும்போது எழும் மெல்லிய ஓசை. 'சவ்' என்றும் சொல்வார்கள், 'சஃப்' என்றும் சொல்வார்கள். எச் எழுத்தில் தொடங்குவது 'ஹாக்', குதிரை, மாடு போன்றவற்றின் பின்னங்கால் மூட்டு. அதை இப்போது பெரும்பாலும் வேறு எழுத்துக்கூட்டலில் எழுதுகிறார்கள்.

கே: வேர்டில் விளையாட்டில் கடைசி நான்கும் பச்சையாகிவிட்டது. முதல் எழுத்து தெரியாமல் வரிசையாகத் தோற்கிறேன் அண்ணா!

ப: தெரியாத நண்பர்களுக்கு: வேர்டில் என்பது ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டு; எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, சொல்லில் வேறு இடத்தில் இருந்தால் மஞ்சள். மொத்தம் ஆறு வாய்ப்புதான், அதில் சில ஏற்கெனவே செலவாகியிருக்கும்; அரிய மூன்றை விட்டால் பொருந்தும் சொற்கள் ஐந்து. ஒவ்வொன்றாகப் போட்டால் வாய்ப்பு தீர்ந்துபோகலாம். இரண்டு வாய்ப்பாவது மிச்சம் இருந்தால் 'ப்ராக்ட்' போடுங்கள்: பஸ் பி-ஆர்-ஏ-சி-டைகர் டி. பூவடிச்செதில் என்று பொருள். பஸ் பி பச்சையானால் பவ். ஆர் மஞ்சளானால் ரஃப். சி மஞ்சளானால் காஃப். டைகர் டி மஞ்சளானால் டஃப். எதுவுமே ஒளிராவிட்டால் டோ. ஒரே அடியில் ஐந்தும் பிரிந்துவிடும். கடின முறையில் மட்டும் இது செல்லாது, அங்கே பச்சை எழுத்துகளை விட்டு விலக முடியாது.

கே: என் அக்கா சொல்லித் தந்தாலும் தோ, த்ரூ, தரா மூன்றும் எப்போதும் குழம்புகிறது.

ப: ஆறு, ஏழு, எட்டு என்று எழுத்து எண்ணிக்கையை வைத்துப் பிடியுங்கள். ஆறு: தோ, இருந்தாலும். ஏழு: த்ரூ, ஊடாக, வழியாக, நடுவில் ஓர் ஆர் நுழைந்துகொள்கிறது. எட்டு: தரா, முழுமையான, இதில் ஓ இரண்டு முறை வரும்.

கே: விக்கலுக்கான சொல்லிலும் கடைசியில் 'காஃப்' எழுதியிருப்பதைப் பார்த்தேன். அதை 'ஹிக்காஃப்' என்று சொல்லலாமா?

ப: கூடாது, 'ஹிக்கப்' என்றுதான் சொல்ல வேண்டும். விக்கலும் இருமலும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று யாரோ தவறாக எண்ணியதால் வந்த எழுத்துக்கூட்டல் அது. நீங்கள் எழுதும்போது யூ-பென் பி என்று முடியும் வடிவத்தையே எழுதுங்கள். படிக்கும்போது மட்டும் இரண்டையும் அடையாளம் தெரிந்தால் போதும்.